பூவந்தி கேட்டு வாங்கிய சொற்கள்

பறவையும் பூச்சியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டும் எந்த வேலைக்கும் எல்லாருக்கும் பொதுவாக ஒரே சொல்தான் இருந்தது. சேர். மாவில் தண்ணீர் விட்டாலும் சேர். நாரில் பூவை வைத்தாலும் சேர். விறகை அடுக்கினாலும் சேர்.

ஓர் ஆற்றங்கரையில் பூவந்தியும் அவள் கணவன் காரியும் குடியிருந்தார்கள். ஒரு நாள் காலை, கோடையில் வற்றிக் கிடந்த ஆற்றின் நடுத்திட்டுக்கு மேய்ந்தபடியே போய்விட்ட கன்றுக்குட்டியைப் பிடித்துவரக் காரி போனான். மேற்கே மலையில் மழை பெய்தது அவனுக்குத் தெரியாது. கன்றின் கழுத்தில் கயிற்றைப் போட்டுத் திரும்பினால் இரு பக்கமும் செந்நீர் நுரைத்து ஓடுகிறது. திட்டும் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது.

பூவந்தி கரைக்கு ஓடிவந்தாள். வீட்டுக்கதவுக்கென்று காரி அறுத்து வைத்திருந்த பலகைகள் அங்கே கிடந்தன. தேங்காய் நார் இருந்தது, குங்கிலியப் பிசினும் எண்ணெயும் இருந்தன. அவள் மரங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"யாராவது வாருங்களேன்! இதையெல்லாம் சேர்த்து ஒரு படகாக்க வேண்டும்!"

சிட்டுகள் வந்தன. தூக்கணாங்குருவிகள் வந்தன. குளவிகளும் வந்தன. எல்லாரும் மும்முரமாக வேலை செய்தார்கள். பூவந்தி படகைத் தண்ணீரில் தள்ளி ஏறினாள். பத்தடிகூடப் போகவில்லை, பலகைகள் ஆளுக்கொரு திசையில் பிரிந்து ஓடின. ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துத் திணறியபடி அவள் கரையேறினாள். மற்றவை நாணலில் சிக்கி நின்றன.

திட்டிலிருந்து காரி கத்தினான். "நீ வராதே பூவந்தி! உனக்கு நீச்சல் தெரியாது!"

அவள் பறவைகள் பக்கம் திரும்பினாள். "என்ன செய்து வைத்தீர்கள்?"

"சேர்க்கச் சொன்னாய். பலகைமேல் நாரைச் சேர்த்தோம்" என்றது சிட்டு.

"நாங்கள் பலகையோடு பலகையை நெருக்கிச் சேர்த்தோம்" என்றது தூக்கணாங்குருவி.

குளவிக்குக் கோபமே வந்துவிட்டது. "குங்கிலியத்துக்குப் பக்கத்தில் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்த்தேனே, அது போதாதா?"

பூவந்திக்கு அழுகை முட்டியது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகைகளை இழுத்துப் போட்டாள். ஓர் இரும்புக் கோலைத் தீயில் பழுக்கக் காய்ச்சி விளிம்பில் துளையிட்டு, ஒரு துளையில் நாரை விட்டு அடுத்த பலகையின் துளை வழியே இழுத்துக் காட்டினாள்.

"எனக்கு வேண்டியது இது. இதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை."

சிட்டு தலையைச் சாய்த்துப் பார்த்தது. "அடடே, இலையோடு இலையை நான் இப்படித்தான் செய்து கூடு கட்டுவேன். வீட்டில் நாங்கள் இதைத் 'தை' என்போம்."

"இந்த நார் அறுந்துவிடும்" என்று குறுக்கே வந்தது தூக்கணாங்குருவி. "நாலைந்து இழையை எடுத்து முறுக்க வேண்டும். 'முறுக்கு' என்று குஞ்சுகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்."

குளவி கூச்சத்தோடு சொன்னது. "மண்ணும் எச்சிலும் வேறுவேறாகத் தெரியாதபடி ஆக்குவதை நாங்கள் 'குழை' என்போம். குங்கிலியத்தையும் அப்படிச் செய்யலாமா?"

"இத்தனை சொல் வைத்திருந்தும் ஏன் இதுவரை வெளியே சொல்லவில்லை?"

"எங்கள் வீட்டுப் பேச்சுத்தானே, யாருக்கு வேண்டுமென்று இருந்துவிட்டோம். நீங்களும் கேட்கவில்லை" என்றது சிட்டு.

"இப்போது கேட்கிறேன். சொல்லிக்கொண்டே செய்வோம்!"

அதன் பிறகு கரை முழுக்க அந்தக் குரல்கள்தான். முறுக்கு, முறுக்கு! அந்த மூலையைத் தை! இன்னும் கொஞ்சம் குழை, கட்டியாக இருக்கிறது! ஒருவர் சொன்னது மற்றவருக்கு அப்படியே விளங்கியது. தைத்த இடுக்குகளில் குழைத்த குங்கிலியத்தைப் பூவந்தி தன் விரலால் அடைத்தாள்.

படகு மறுபடி தண்ணீரில் இறங்கியது. ஆடியது, முனகியது, பிரியவில்லை. நீளக் கழியை ஊன்றி ஊன்றி அவள் திட்டை அடைந்தபோது காரி இடுப்பளவு நீரில் கன்றைத் தோளில் சுமந்து நின்றான். முதலில் கன்றைத்தான் ஏற்றினான். பிறகு அவள் கையைப் பிடித்து ஏறி, பலகையின் தையலைத் தடவிப் பார்த்தான்.

"இது என்ன?"

"தைத்தது" என்றாள் பூவந்தி. அந்தச் சொல்லை ஒரு மனிதர் இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல்முறை. சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், அழுதாள்.

செய்தி ஊர்ஊராகப் பரவியது. ஆளாளுக்குப் பறவையிடமும் பூச்சியிடமும் போய், "உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சிலந்தி 'பின்னு' கொடுத்தது. தேனீ 'கல' கொடுத்தது. கேட்டவர் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

அன்று தொடங்கியதுதான், நாம் துணியைத் தைப்பதும், கயிற்றை முறுக்குவதும், மண்ணைக் குழைப்பதும், கூடையைப் பின்னுவதும், பாலில் தேனைக் கலப்பதும். அந்தச் சிட்டையும் அன்று முதல்தான் எல்லாரும் தையல்சிட்டு என்று கூப்பிடுகிறார்கள்.