தலைமையாசிரியர் வீட்டு பாஸ்வேர்டு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தணிகாசலத்தின் வீட்டு வைஃபையைத் தெருவே மேய்ந்துகொண்டிருந்தது. பழி, சமையல் வேலை செய்யும் பொற்கொடியின் தலையில் விழுந்தது.

"பாஸ்வேர்டை வெளியில சொல்றது நீதான். இல்லைன்னு நிரூபி. முடியலைன்னா நாளையிலேர்ந்து வராதே!"

சொல்லாததை எப்படி நிரூபிப்பது? பொற்கொடி யோசித்தாள். "இப்பவே புதுசா மாத்துங்கய்யா. நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கிறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க, போதும்."

தணிகாசலம் மாற்றினார். பிறகு வாசலில் நின்று, மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு, நாற்பது வருஷம் வகுப்பில் முழங்கிய குரலில், எழுத்தெழுத்தாக டிக்டேஷன் கொடுத்தார். அதுவும் ரெண்டு தரம்.

"இப்ப எவன் நுழையறான்னு பார்ப்போம்!" என்று அடுப்படிக் கதவைத் தட்டினார்.

பொற்கொடி அவரை வாசலுக்கே திரும்ப அழைத்து வந்தாள். எதிரே, இஸ்திரி வண்டி ஏகாம்பரம் போனும் கையுமாக நிமிர்ந்தான்.

"சார், கடைசி எழுத்து பெரிசா, சின்னதா?"

"சின்னது," என்றார் தணிகாசலம், பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. காது மடல் சுட்டது. பொற்கொடியின் முகத்தைப் பார்க்க முடியாமல், செருப்பைத் தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு... வந்துடும்மா."

"வர்றேங்கய்யா. அதை மறுபடி மாத்திட்டு, அம்மாவுக்குத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க."