அடுப்பு மண்ணில் அகப்பட்ட தங்கம்

கல்வராய நாடு என்று ஒரு சீமை இருந்தது. அதைச் சித்திரசேனன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் காதில் விழுவதையெல்லாம் நம்புவான், நம்பிய கையோடு உத்தரவும் போட்டுவிடுவான். அப்படிப்பட்ட ராஜாவிடம் அகப்பட்ட ஜனங்கள் பாடு என்ன பாடு, நீங்களே சொல்லுங்கள்!

ஒருநாள் சபையில், "நம் மண்ணில் தங்கமோ வெள்ளியோ கண்டுபிடித்துத் தருகிறவரே இனி முதல் மந்திரி" என்று சொல்லிவிட்டான். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் மருதவாணர். கருவூல அதிகாரி வல்லபராயருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பத்து வருஷமாக அவர் கண் அந்த ஆசனத்தின் மேல்தான்.

மறுவாரமே அவர் வேங்கை ஏரிக்கரையில் துளை போட ஆட்களை இறக்கினார். மூன்று மரங்களைக் கூட்டி நிறுத்தி, உச்சியிலிருந்து இரும்புக் குழலைத் தொங்கவிட்டு, தூக்கித் தூக்கிப் பூமிக்குள் குத்துவார்கள். குழலில் ஏறிவரும் மண்ணைத் தட்டியெடுத்துப் பையில் கட்டுவது பூவாயி என்ற கூலிக்காரியின் வேலை. முதல் துளைப் பைக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு முடிச்சு. ஆனால் வந்த மண்ணில் பாதிதான் பைக்குள் போகும். மீதிப் பாதியைப் பானையில் போட்டுத் துளை வாசலிலேயே மூடி வைப்பாள். எல்லாத் துளையும் முடிந்ததும் அதைத் திரும்பக் கொட்டித்தான் குழிகளை மூடுவார்கள். கிணறு வெட்டுகிறவர்களின் பழக்கம் அது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த வல்லபராயருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பை கொட்டகைக்குப் போகும். அவருடைய ஆள் மரத்தட்டில் அரிப்பான். அடியில் தங்கம் மின்னும். முதல் துளையிலும் மின்னியது, இரண்டாவதிலும் மின்னியது.

மூன்றாவது துளையில் மரம் சரிந்தது. அடியில் நின்ற இருளப்பன், பூவாயியின் புருஷன், அங்கேயே செத்துப்போய்விட்டான். "வேலை நிற்கக்கூடாது" என்று மட்டும் கொட்டகையிலிருந்து ஆள் வந்து சொன்னான். அந்தத் துளையிலும் தங்கம் வந்ததாம், கேட்டீர்களா அநியாயத்தை!

எட்டுத் துளை முடிந்ததும் தண்டோரா போட்டார்கள். தங்கம் ஏரிக்கு அடியில் ஓடுகிறது, பௌர்ணமியன்று கரையை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றப் போகிறோம், அதற்குள் ஏரியைச் சுற்றியுள்ள ஏழு ஊரும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். ஏழு ஊர் வயலும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது.

பூவாயி தண்டோராவைக் கேட்டு வீட்டுக்கு வந்தாள். அழுது தீர்த்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். 'எட்டுத் துளை மண்ணும் என் கை வழியாத்தானே போச்சு? ஒண்ணுல கரிசல் வந்துச்சு, ஒண்ணுல சுண்ணாம்பு வந்துச்சு, ஒண்ணுல வெறும் மணல். எல்லாத்துலயும் ஒரே மாதிரி தங்கமா?'

ஒன்பதாவது துளை போட்ட அன்று வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தாள். கல்யாணமாகி வந்த நாளில் தன் கையால் பூசிய மண் அடுப்பைப் பாதியாக உடைத்தாள். ஒரு பாதியை இடித்துத் தூளாக்கி, ஏரித் தண்ணீரில் பிசைந்து, பையில் கட்டி ஒன்பது முடிச்சுப் போட்டு அனுப்பினாள். மறு பாதியைத் துணியில் மூட்டை கட்டினாள். மறுநாள் ஒன்பது பானைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அரண்மனை வாசலில் போய் நின்றாள். அவள் சொன்னதைக் கேட்ட மருதவாணர், "உள்ளே வா அம்மா. பயப்படாதே" என்று கூட்டிப் போனார்.

சபையில் வல்லபராயர் பட்டுத்துணியை விரித்துப் பொன்தூளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாவதில்தான் அதிகம், மகாராஜா! ஏரிக்கரையில் முப்பது முழத்துக்குக் கீழே!"

"சபாஷ்!" ராஜாவின் கை மந்திரி முத்திரையை எடுக்கப் போனது.

"ராசா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் பூவாயி. மூட்டையை அவிழ்த்துக் கரியேறிய அரை அடுப்பைக் கீழே வைத்தாள். "அந்த ஒன்பதாவது மண்ணு முப்பது முழத்துக்குக் கீழே இருந்து வரல. இந்த அடுப்போட மறு பாதி அது. பதினெட்டு வருஷம் இதுல கஞ்சி காய்ச்சுனேன். உப்பில்லாமக் குடிச்ச நாளும் உண்டு. இதுக்குள்ள தங்கம் இருந்துச்சுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

ராஜா முத்திரையை எடுக்காமல் அடுப்பைக் குனிந்து பார்த்தான்.

"பொய்! பொறாமையில் மந்திரி கிளப்பிவிட்ட பொய்!" என்று கத்தினார் வல்லபராயர்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் மருதவாணர். "எல்லாத் துளையின் மீதிப் பாதியும் வாசலில் இருக்கிறது. மகாராஜாவே தம் கையால் அரித்துப் பார்க்கட்டும்."

தட்டு வந்தது. ராஜா உட்கார்ந்து அரித்தான். முதல் பானையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைப் பூவாயியே தூக்கி வந்து கொடுத்தாள்.

"இது என் வீட்டுக்காரர் உயிர் போன குழி மண்ணு, ராசா. மெதுவா அரிங்க."

ராஜாவின் கை நின்றுவிட்டது. இருளப்பன் இறந்த சேதியே அதுவரை அவன் காதுக்கு வரவில்லை. கலங்கிய கண்ணோடு அதையும் அரித்தான், மீதி ஆறையும் அரித்தான். ஒரு பொட்டுப் பொன் இல்லை.

"பட்டுத்துணியில் இருப்பது எங்கிருந்து வந்தது, வல்லபராயரே?" என்று கேட்டான் ராஜா.

வல்லபராயர் காலில் விழுந்தார். "கருவூலத் தங்கக் கட்டிகளை அரத்தால் அராவிப் பை மண்ணில் கலந்தேன், மகாராஜா..."

"என் தங்கத்தையே என் மண்ணில் தூவி எனக்கே காட்டினாயா? அதற்காக ஏழு ஊர் ஏரியை உடைக்க இருந்தேனே, பாவி நான்!" முத்திரையை மருதவாணர் கையிலேயே வைத்து மூடினான். "ஒன்பது குழியையும் வல்லபராயர் தம் கையாலேயே மூடட்டும். தாயே, இந்தப் பொன் முழுவதும் உனக்கு. அடுப்பை ஏன் உடைத்தாய்? வேறு மண்ணா கிடைக்கவில்லை?"

"ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டீங்க. எப்படியும் உடைக்க வேண்டிய அடுப்புதானே ராசா, ஒரு வேலைக்கு ஆகட்டும்னு உடைச்சேன். பொன்னு வேணாம். மூணாவது குழியில மொதக் கை மண்ணு அவரோட கூடப்பொறந்தவங்க போடணும். அவருக்கு யாரும் இல்ல. நீங்க வந்து போடுங்க."

பௌர்ணமியன்று ஏரிக்கரையில் ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். பூவாயி பானையைச் சாய்த்துப் பிடிக்க, முதல் கை மண்ணை அவன்தான் போட்டான்.

அதற்கப்புறம் அந்தச் சபையில் யார் வந்து என்ன புகழ்ந்தாலும், என்ன கோள் சொன்னாலும், சித்திரசேனன் முழுக்கக் கேட்டுக்கொள்வான். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"மீதிப் பாதி எந்தப் பானையில் இருக்கிறது?"