ஒருவருக்கான சூப்

“அம்மா, நான் வைக்கும் சூப் கெட்டிப்படுவதில்லை.”

யோகாம்பிகை அம்மையார் கண் திறந்தார்.

கோத்தகிரி மலைச்சரிவில் இருந்த அவருடைய தியானக் குடிலுக்குப் பிறவியைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் கேட்க மனிதர்கள் வருவதுண்டு. சூப்பைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டவர் பூவராகன். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபது. அம்மையாருக்கு நாற்பதுதான் இருக்கும். ஆயினும் பூவராகன் பாயின் விளிம்பில், வகுப்புக்குப் புதிதாக வந்த மாணவனைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை இருந்தது.

“கெட்டிப்படாவிட்டால் என்ன, ஐயா?”

“குடிக்க முடியவில்லை. இளைத்துக்கொண்டே போகிறேன். தை மாதம் என் மகள் வருகிறாள். அப்போதும் நான் இப்படியே இருந்தால், வீட்டைப் பூட்டிவிட்டு என்னை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்வாள். என் மகள்.”

“வேறு ஏதேனும் உண்ணலாமே.”

“இரவில் வேறெதுவும் இறங்குவதில்லை. திருமணமான நாளிலிருந்து செங்கமலம் அதைத்தான் கொடுத்தாள்.”

செங்கமலம் அவருடைய மனைவி. ஆவணியில் இறந்துபோனார்.

“பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?”

“ஒரு சுவர்.”

“சுவருக்கு அப்பால்?”

“நஞ்சுண்டன் என்று ஒருவர். அவரும் தனியாள். பேச்சுவார்த்தை இல்லை. அவர் கட்டிய சுவர் என் நிலத்தில் நிற்கிறது. முக்கால் அடி. நானே அளந்து சொன்னேன்.”

“அதற்கு அவர்?”

“‘அளந்தாச்சில்ல? சுவரைத் தூக்கிட்டு உள்ள போங்க’ என்றார்.”

அம்மையார் சிரிக்கவில்லை.

“உங்கள் மனைவி சூப்பில் பாலாடை சேர்த்தாரா?”

“இல்லை. வெண்ணெய் இல்லை, மைதா இல்லை. எனக்கு இதயம் சரியில்லை. அவற்றையெல்லாம் அவள் தொடமாட்டாள். வெறும் காய்தான். ஆனாலும் கரண்டியிலிருந்து பாலேடு போல மெல்ல வழியும். என்னுடையது மேலே தண்ணீர், கீழே திப்பி.”

“எப்படிச் செய்கிறீர்கள்?”

“அவள் செய்தபடியே. கேரட், உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர், கொஞ்சம் பூண்டு. குக்கரில் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, மிக்ஸியில் அரைத்து, மறுபடியும் ஒரு கொதி. இறக்கியபின் மிளகுத்தூள். அளவு மட்டும் பாதி. மிகச் சரியாகப் பாதி. நான் அளவில் தவறியதில்லை, அம்மா.”

“செய்து காட்டுங்கள்.”

பூவராகன் பையைத் திறந்தார். உள்ளே காய்கள் இருந்தன. செங்கமலத்தின் மிக்ஸி ஜாரும் இருந்தது. பெரிய ஜார்.

சமையலறையில் மாதம்மா, குடிலின் மதியக் குருமாவுக்காக இதே காய்களை ஓர் அண்டா நிறைய வேகவைத்திருந்தாள். அவர் பலகையில் அரைக் கேரட்டை வைப்பதை எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன, யாருக்கு உடம்பு சரியில்ல? எங்க வீட்டுக் கோழிக்கே இதைவிடக் கூடப் போடுவேன்.”

“கோழிக்கு அளவு தெரியாது,” என்றார் பூவராகன்.

காய் வெந்தது. ஆறியது. அவர் அதை ஜாரில் போட்டு மிக்ஸியைத் திருப்பினார்.

துண்டுகள் சிதறிப்போய் ஜாரின் சுவரில் ஒட்டிக்கொண்டன. அடியில் பிளேடு வெறுமனே சுற்றியது. அவர் மூடியைத் திறந்து, கரண்டியால் வழித்துத் தள்ளி, மறுபடியும் திருப்பினார். மறுபடியும் ஒட்டிக்கொண்டன. அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

அம்மையார் செம்பின் வாயைக் கையால் மூடினார்.

“தண்ணீர் விடாமல் அரைபடாது, அம்மா. பிளேடுக்கு எட்டவில்லை.”

“எட்டாதுதான்.”

“சின்ன ஜார்ல போட்டா ஆச்சு,” என்றாள் மாதம்மா.

“இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் மகள் எடுத்துப்போனாள். ‘நீங்க என்னப்பா, சட்னியா அரைக்கப்போறீங்க’ என்றாள்.”

“கடையில கிடைக்குமே.”

“கிடைக்கும்.” அவர் செம்பைக் கீழே வைத்தார். “கடைவரை போனேன். கடைக்காரர், ‘ஒரு ஆளுக்கா சார்?’ என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.”

மாதம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மையார் அகப்பையை எடுத்தார். அண்டாவிலிருந்து வெந்த காயை அள்ளி அவருடைய ஜாரில் போட்டார். மேலும் ஓர் அகப்பை. மூடியை அழுத்திப் பிடித்து மிக்ஸியைத் திருப்பினார்.

சத்தம் மாறியது. கீச்சென்று இருந்தது தணிந்து, கனத்து, சீரானது. நடுவில் ஒரு சுழி விழுந்தது. சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் அது உள்ளே இழுத்துக்கொண்டது.

பூவராகன் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாவில் வைத்தார்.

இன்னொரு சொட்டும் விட்டுப் பார்த்தார்.

“இது அவளுடைய சூப்.”

பிறகு, அளக்கும் பழக்கம் விடாதவராய், ஜாரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஆனால் இது இரண்டு பேருக்கு.”

“ஆமாம்.”

“நான் ஒருவன்.”

“ஆமாம்.”

“மீதியை என்ன செய்வது?”

“ஐயா, நீங்கள் சூப்பைப் பற்றித்தான் கேட்டீர்கள்.”

அம்மையார் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை பூவராகன் தம் வீட்டில் முழு அளவில் சூப் வைத்தார். கெட்டியாக வந்தது. கை தன் பழக்கத்தில் இரண்டு கிண்ணங்களை எடுத்தது.

ஒன்றைக் குடித்தார். மற்றொன்று எதிர் நாற்காலியின் முன் இருந்தது. அதிலிருந்து ஆவி எழுந்து, குறைந்து, நின்றது. மேலே மெல்லிய ஆடை படிந்தது.

அதை ஃபிரிட்ஜில் வைத்தார். மறுநாள் சூடுபடுத்தியபோது அடிப்பிடித்துக் கருகியது. தொட்டியில் கொட்டிவிட்டு, கடைசிச் சொட்டும் போகும்வரை குழாயைத் திறந்துவைத்திருந்தார்.

அன்றைக்கும் புதிதாக வைத்தார். அன்றைக்கும் இரண்டு கிண்ணங்கள். சன்னலுக்கு வெளியே பனி இறங்கி, தேயிலைச் செடிகளை மூடியது. சுவருக்கு அப்பால் நஞ்சுண்டன் இருமினார். பிறகு ஒரு தட்டு வைக்கப்படும் ஓசை. ஒரே ஒரு தட்டு.

அந்த ஓசையை அவர் பல காலமாகக் கேட்டுவந்திருக்கிறார்.

எதிரில் இருந்த கிண்ணத்தில் இன்னும் ஆடை படியவில்லை.

பூவராகன் அதை ஒரு தட்டால் மூடினார்.

தை பிறந்து சில நாட்களுக்குப் பின் அவர் மறுபடியும் குடிலுக்கு வந்தார். கன்னத்தில் சற்றுச் சதை பிடித்திருந்தது. முகம் மட்டும் சுணங்கியிருந்தது.

“மகள் வந்தாரா, ஐயா?”

“வந்தாள். என்னைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு கிண்ணங்களைப் பார்த்தாள். சின்ன ஜாரைத் திருப்பித் தரக் கொண்டுவந்திருந்தாள். நான் கேட்டதற்கு, ‘இனி இது உங்களுக்கு எதுக்குப்பா’ என்று சொல்லி அதையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். இல்லத்தைப் பற்றிப் பேசவே இல்லை.”

“பிறகு என்ன குறை?”

“நஞ்சுண்டன்தான்.”

“அவர் என்ன செய்தார்?”

“கிண்ணத்தைச் சுவர்மேல் வைக்கிறேன், அம்மா. முக்கால் அடி அகலம்; சரியாக உட்காருகிறது. நான் கூப்பிடுவதில்லை. அவரும் கேட்பதில்லை. காலையில் கழுவிய கிண்ணம் அங்கேயே இருக்கும். நேற்றுத்தான் முதன்முறையாக வாயைத் திறந்தார்.”

“என்ன சொன்னார்?”

“‘உப்புப் பத்தல.’”

உள்ளே மாதம்மா பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

பூவராகன் சிரிக்கவில்லை. “எனக்கு உப்புக் கூடாது. மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு மட்டும் கூட்டிப் போடலாமா?”

“அவருக்கு மருத்துவர் என்ன சொல்லியிருக்கிறார்?”

“அது எனக்கு எப்படித் தெரியும், அம்மா?”

அம்மையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவராகன் எழுந்தார். “கேட்டுவிட்டு வருகிறேன், அம்மா,” என்றபடி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.