எட்டு மணிக்கு வர வேண்டியவர்

தூங்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டு ஒருவர் எங்கள் இடத்துக்கு வந்தார். கொரோனா இரண்டாவது முறையாக ஊரை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். டீச்சர் காதில் வாங்கவில்லை. போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

எங்கள் இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு செம்மணல் மேட்டில் இருக்கிறது. ஆசிரமம் என்று போர்டு கிடையாது. பிரகாசி டீச்சர் இருக்கிறார், அவரைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், சிலர் தங்குகிறார்கள். அவ்வளவுதான். டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தவர். நான் அங்கே சமையல். வந்தவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதுதான் என் கவலை. மற்றதெல்லாம் டீச்சர் பாடு.

வந்தவர் பெயர் கிளாட்வின். டீச்சரைவிட மூத்தவர், ஐம்பதை நெருங்கியிருந்தார். சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர், அதாவது கேப்டனுக்கு அடுத்த ஆள். அவர் மனைவி மெரிட்டா முகத்தை மூடிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றே பேசினாள்.

"ஒன்பது மாசம்னு சொல்லிட்டுப் போனவர் டீச்சர். எந்தத் துறைமுகத்திலயும் இறங்க விடல. மாத்தி விட ஆள் வரல. பதினேழு மாசம் கடல்லயே கிடந்தார். வந்ததுல இருந்து தூக்கமே இல்ல. மாத்திரை போட்டாலும் நாலு மணிக்கு எந்திரிச்சு மாடியில போய் நிக்கிறார். நேத்து கைப்பிடிச் சுவர் மேல ஏறி நின்னார். பிள்ளை பார்த்துட்டா."

"கடல் தெரியலன்னுதான் ஏறினேன்" என்றார் கிளாட்வின். "சாகிறதுக்கு இல்ல."

மெரிட்டா அழுதாள். அவர் சொன்னதை அவள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

"இங்க கடல் தெரியும்" என்றார் டீச்சர். "ஏற வேண்டியதில்ல."

சில நாள் அவரைத் தோட்டத்து அறையில் தனியாக வைத்திருந்தோம். தட்டை வாசலில் வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன். பாதி இட்லி உள்ளே போகும், மீதி காக்கைக்கு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை என்று தெரிந்த பிறகு டீச்சர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எனக்குத் தூங்கணும் டீச்சர். வழி சொல்லுங்க."

"கப்பல்ல எப்படித் தூங்குனீங்க?"

"டூட்டி முடிஞ்சதும் தூங்குவேன்."

"எப்ப முடியும்?"

"காலையில நாலு மணிக்கு, கப்பலை ஓட்டுற மேல்தளத்துக்கு ஏறுவேன். எட்டு மணிக்கு தேர்ட் ஆபீசர் வருவான். எல்லாத்தையும் சொல்லி ஒப்படைப்பேன். எடுத்துக்கிட்டேன்னு அவன் வாய் திறந்து சொல்லணும். சொன்ன பிறகுதான் நான் இறங்கலாம்."

"அவர் வரலன்னா?"

"இறங்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"வர்ற வரைக்கும்."

டீச்சர் எழுந்து போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவதா? வந்தவருக்கு ஒரு பதில் சொல்லத் தெரியவில்லை, இவர் என்ன டீச்சர் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கிளாட்வின் மணல்மேட்டில் நின்றுகொண்டிருந்தார். தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் மேடேறிப் போய் அவர் பக்கத்தில் நின்றார். அடுப்படி மேட்டடியில்தான், பேச்சு எனக்குக் கேட்டது.

"என்ன டீச்சர்?"

"எட்டு மணி ஆகப் போகுது. உங்களை மாத்தி விட வந்தேன்."

வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் கிளாட்வின் சிரித்துப் பார்த்தேன். "தெரியாத ஆள்கிட்ட ஒப்படைச்சா தப்பு என் மேல டீச்சர்."

"வர்ற ஆளுக்கு என்ன தெரியணும்?"

"எனக்குத் தெரிஞ்சது எல்லாம்."

"அப்ப சொல்லுங்க. தெரிஞ்சுக்கிறேன்."

கிளாட்வின் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் குரல் மாறிவிட்டது. கப்பல் எந்தத் திசையில் போகிறது, காற்று எப்படி, பக்கத்தில் எந்தக் கப்பல், எந்த கிரேனில் எண்ணெய் ஒழுகுகிறது, எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

"வேற?" என்றார் முடிவில்.

"அவ்வளவுதான்."

"இல்ல, பாக்கி இருக்கு. பாக்கி வச்சுக் கொடுத்தா நான் வாங்க மாட்டேன்."

இறங்கி வந்துவிட்டார். கிளாட்வின் வெயில் உச்சிக்கு ஏறும் வரை அங்கேயே நின்றார்.

அடுத்த நாளும் டீச்சர் அதே நேரத்துக்குப் போனார். அன்று கிளாட்வின் ஆட்களைப் பற்றிச் சொன்னார். குழந்தை பிறந்து அதன் முகத்தைப் போனில் மட்டும் பார்த்தவன். மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்க, இங்கே எஞ்சினுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவன். தூக்கக் கலக்கத்தில் ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டவன். எல்லோரையும் பெயரோடு, ஊரோடு சொன்னார். "அப்புறம் போசன். டெக் ஆட்களுக்குத் தலைவர். நல்ல மனுஷன்."

"அவர் பேர் என்ன?"

கிளாட்வின் தூரத்துக் கப்பல்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற?" என்றார் டீச்சர்.

"போதும் டீச்சர். கப்பல்ல ஒரு நாள் இருந்திருக்கீங்களா? தூங்க வழி கேட்டு வந்தா குறுக்கு விசாரணை பண்றீங்க."

"பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கிவிட்டார்.

அன்று கிளாட்வின் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அவரே நொந்துபோய்க் கிடக்கிறார். ஏன் போட்டு இப்படிக் குடையிறீங்க?" என்று டீச்சரிடம் நேராகவே கேட்டேன்.

"நான் குடையல அண்ணாச்சி. உள்ள ஏற்கெனவே ஒண்ணு குடைஞ்சுக்கிட்டு இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள் நானும் காபித் தூக்கோடு மேட்டுக்குப் போனேன். கிளாட்வின் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவர் பேர் காசிலிங்கம். பாம்பன் பக்கம். ஆள் மலை மாதிரி இருப்பார். சத்தமாச் சிரிப்பார். அவங்க அம்மா கொரோனாவுல போயிட்டாங்க. அடக்கத்தை வீடியோவுல பார்த்தார். அதுவும் பாதியில கட்டாயிருச்சு. அதுக்கப்புறம் சிரிப்பு நின்னது. பேச்சு நின்னது. சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவார். ஒரு நாள் விடியிறதுக்கு முன்னால கப்பலோட பின்பக்கம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ஒரு கால் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது."

டீச்சர் அவர் பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றார்.

"நான் கூப்பிட்டேன். திரும்பி வந்தார். அன்னையில இருந்து தினமும் நாலு மணிக்கு, டீ போட ஆள் இல்ல வாங்கன்னு பொய் சொல்லி மேல கூப்பிட்டுக்குவேன். எட்டு மணி வரைக்கும் என் பக்கத்துலயே நிப்பார். பகல்ல நாலு பேரோட வேலை செய்வார், பயமில்ல. அந்த நாலு மணி நேரம்தான் பயம்."

"கேப்டன்கிட்ட சொன்னீங்களா?"

"என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார் டீச்சர். சொன்னா மனநிலை சரியில்லாதவன்னு எழுதிருவாங்க, அடுத்து எந்தக் கம்பெனியும் ஏத்தாது, ரெண்டு பிள்ளை படிக்குதுன்னார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன்."

"அப்புறம்?"

"திடீர்னு ஒரு துறைமுகத்துல ஆள் மாத்த விட்டாங்க. அவரும் என்கூட இறங்க வேண்டியவர். அவருக்குப் பதிலா வர வேண்டிய ஆளுக்கு பாசிட்டிவ். அவர் அங்கேயே நின்னுட்டார். என் பெட்டியைத் தூக்கிட்டு வந்து படியில வச்சவரே அவர்தான்."

"உங்க இடத்துக்கு வந்தவர்கிட்ட?"

"பார்க்கவே விடலையே. நாங்க இறங்கி வண்டியில ஏறின பிறகுதான் புது ஆட்களை ஏத்தினாங்க. ஷிபுன்னு கொல்லத்துக்காரர். கண்ணாடி வழியா மாஸ்க் போட்ட மூஞ்சியைப் பார்த்தேன். நான் எழுதி வச்ச பேப்பர்ல கிரேன் இருக்கு, தொட்டி இருக்கு. காசிலிங்கம் இல்ல. நேர்ல பார்த்தா காதோட காதா சொல்லிரலாம்னு இருந்தேன்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "போன் போட்டு எப்படி இருக்கார்னு ஒரு வார்த்தை கேட்கலாம்ல?"

"கேட்டு, அவர் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா அண்ணாச்சி?"

இத்தனை நாள் அவர் எதற்காக நாலு மணிக்கு எழுந்து நின்றார் என்பது அப்போதுதான் புரிந்தது. டீச்சரைப் பற்றி மனதுக்குள் முணுமுணுத்ததையெல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன்.

"வேற?" என்றார் டீச்சர்.

கிளாட்வின் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்ல."

"எடுத்துக்கிட்டேன்" என்றார் டீச்சர். "நீங்க இறங்கலாம்."

கிளாட்வினின் தோள் இறங்கியது. ஆனால் கால் நகரவில்லை. டீச்சர் கையை நீட்டினார்.

"கப்பல் நம்பர் உங்க போன்ல இருக்கும்ல?"

"டீச்சர், நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீங்க பண்ணியிருக்கீங்க. நான் பண்ணல. இப்ப என் டூட்டி."

அவர் டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடுப்பாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நம்பரைத் தேடிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேட்டிலிருந்து இறங்கிப் போனார். அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

டீச்சர் அங்கேயே நின்று போன் போட்டார். நாலைந்து தடவை போட்ட பிறகுதான் லைன் கிடைத்தது. ஷிபுவைக் கேட்டார், தான் யார் என்று சொன்னார். பிறகு கேட்டார்.

"காசிலிங்கம்னு போசன்... இருக்காரா?"

பதில் வரத் தாமதமானது. கடல் தாண்டி வருகிற குரல் அப்படித்தான் தாமதிக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். கண்ணைத் திறந்தார். "அவரைக் காலையில நாலு மணிக்கு உங்க பக்கத்துல நிறுத்திக்கோங்க. ஏன்னு சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னார். கிளாட்வின் சொன்ன வரிசையிலேயே சொன்னார், ஒன்றைக்கூட விடவில்லை. கேப்டனுக்குச் சொல்லச் சொன்னார், கப்பலிலிருந்து டாக்டரிடம் பேச வைக்கச் சொன்னார். முடித்ததும், "எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க" என்று ஷிபுவிடம் கேட்டார். அவர் சொல்லும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கிளாட்வின் அன்று பகல் முழுக்கத் தூங்கினார். சாயங்காலம் நான் சோற்றோடு போய்க் கதவைத் தட்டப் போனபோது டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். இரவும் தூங்கினார். மறுநாள் விடிந்த பிறகும் தூங்கினார். நாலு மணிக்கு மேட்டில் நின்றது டீச்சர்தான்.

வெயில் ஏறிய பிறகு கிளாட்வின் வந்தார். முகம் கழுவி, சட்டையை மாற்றி, பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் போய்க் கடலைப் பார்த்து நின்றார்.

"உங்களை மாத்தி விட வந்தேன்" என்றார். "சொல்லுங்க."

"காற்று தெற்கே இருந்து வருது" என்றார் டீச்சர். "ராத்திரி ரெண்டு கப்பல் உள்ள போயிருக்கு. ஷிபு பேசினார். நாலு மணிக்குக் காசிலிங்கத்தைத் தன்கூட நிறுத்திக்கிட்டாராம். டாக்டர் போன்ல பேசியிருக்கார். அடுத்த துறைமுகத்துல அவரை இறக்க ஏற்பாடு நடக்குது."

"அவர் வேலை?"

"போகலாம். எனக்குத் தெரியல."

கிளாட்வின் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"வேற?"

"நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க மேல ரொம்பக் கோபம். தட்டைத் தூக்கி எறிஞ்சாராம். இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு கத்தினாராம்."

கிளாட்வின் மணலில் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவு கோபமா டீச்சர்?" என்றார்.

"ஆமா" என்றார் டீச்சர். "கோபப்பட ஆள் இருக்கார்."