ஐந்து வாத்தியக்காரர்களின் முதுகு

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பொம்மைக்கு வண்ணம் தீட்டத் தெரிந்தவர் பூங்காவனம். தெரியாதவர் வைத்திலிங்கம்.

வைத்திலிங்கம் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் பொழுது போகாமல்தான் பூங்காவனத்தின் பொம்மைக் கடைக்குக் கற்றுக்கொள்ள வந்தார். வந்த மூன்றாம் மாதமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மகளுக்குக் கல்யாணமாகி வருகிற முதல் கொலு. பெண் வீட்டிலிருந்து பொம்மை போக வேண்டும். "நாதஸ்வர கோஷ்டி ஒரு செட். என் கையாலேயே தீட்டிக் கொண்டாரேன்" என்று சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.

சம்பந்தி மீசைக்குள் சிரித்தார். "ஸ்டியரிங் பிடிச்ச கையாச்சே. பாத்துங்க, வாத்தியக்காரங்க வளைவுல கவுந்துடப் போறாங்க."

கூடமே சிரித்தது. மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் வைத்திலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

ஐந்து மண் பொம்மைகள். நாதஸ்வரத்துக்கு இரண்டு பேர், தவிலுக்கு இரண்டு பேர், தாளத்துக்கு ஒருவர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பூசிக் காயவைத்துவிட்டு, வைத்திலிங்கம் பிரஷ்ஷோடு உட்கார்ந்தார்.

"எங்கேருந்தும்மா ஆரம்பிக்க?"

"முதுகுலேருந்து."

"முதுகா? கொலுவுல அது சுவத்தைப் பாத்துல்ல இருக்கும்?"

"ஆமாய்யா. ஆரம்பிங்க."

சுவர் பார்க்கப்போகிற முதுகுதானே என்று அவரும் ஆரம்பித்தார். சாமி ஊர்வலத்தில் மேளத்துக்குப் பின்னாலேயே நடந்த நாளெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. தவில்காரரின் தோள் ஏறி இறங்குவது, வார் அழுத்தி முதுகு பளபளப்பது, இடுப்பில் இறுக்கிய துண்டு நழுவுவது எல்லாம் கண்முன் நின்றன. ஒருவருக்குக் கிளிப்பச்சைத் துண்டு, இன்னொருவருக்கு அரக்குச் சிவப்பு. வேட்டிக் கரைக்கு மாம்பழ மஞ்சள். வாய் ஏதோ ஒரு மேளத்தை முணுமுணுத்தது, கால் தாளம் போட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஐந்து முதுகும் முடிந்தன.

முகத்துக்கு நாலு நாள் ஆயிற்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டினார். ஒரு புருவத்தை ஆறு தடவை அழித்து வரைந்தார். கடைசியில் ஐந்து பேரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி விறைத்துப் பார்த்தார்கள். மறுநாள் அமாவாசை, கொலுப்படி கட்டுகிற நாள்.

"தெரியாமத்தான் கேக்குறேன்மா," என்றார் வைத்திலிங்கம். "முதுகுல இருக்குற உசுரு மூஞ்சில ஏன் வரலை?"

குரு எழுந்தார். ஐந்து பொம்மைகளையும் எடுத்துப் போய்க் கடை வாசல் பலகையில், முதுகு தெருவைப் பார்க்கும்படி வைத்தார்.

சற்று நேரத்தில், பழைய கிருஷ்ணர் பொம்மையைப் புது வண்ணம் அடிக்கக் கொடுத்திருந்த ஓர் அம்மாள் வந்தார். பலகையைத் தாண்டியவர் திரும்பி வந்து நின்றார்.

"அடடா! யாரு கைவேலை இது? இந்தத் தவில்காரரு தோளைப் பாருங்களேன், இப்பவும் வாசிச்சுக்கிட்டே இருக்காரே!"

உள்ளே வைத்திலிங்கத்தின் கழுத்து ஒரு சாண் நிமிர்ந்தது.

அந்த அம்மாள் ஆசையாகத் தவில்காரரைத் திருப்பினார். முகத்தைப் பார்த்தார். பழையபடி முதுகு தெரிய வைத்துவிட்டு, தன் கிருஷ்ணரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வைத்திலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னை அசிங்கப்படுத்தத்தான் அங்கே வெச்சீங்களா? சம்பந்தி சொன்னது சரிதான். நான் வேற கடையில ஒரு செட் வாங்கிட்டுப் போறேன். தோத்துட்டேன்னு சொல்லிக்கிறேன். முடிஞ்சுது."

குரு பொம்மைகளை உள்ளே கொண்டுவந்தார். வெள்ளைக் கிண்ணத்தை இழுத்தார். அகலமான பிரஷ்ஷை முக்கி, முதல் முகத்தின் மேல் ஓர் இழுப்பு. அடுத்ததன் மேல் ஓர் இழுப்பு. நாலு நாள் வேலை ஐந்து இழுப்பில் காணாமல் போயிற்று.

"அய்யய்யோ! நாளைக்கு அமாவாசைம்மா!"

"மணி பத்துதான் ஆவுது. வெள்ளை காய அரை மணி நேரம்."

"நாலு நாள்ல வராத முகம் ஒரு பகல்ல வருமா?"

"அஞ்சு முதுகும் எவ்வளவு நேரத்துல வந்துச்சு?"

"அது... அப்போ என் பாட்டுக்குத் தீட்டினேன். யாரும் பாக்கலையே."

குரு எழுந்துபோய் மெல்லிய பிரஷ் ஒன்றைக் கழுவி, துணியில் துடைத்து நீட்டினார். வைத்திலிங்கம் கையை நீட்டி அதன் காம்பைப் பிடித்தார். குரு பிடியை விடவில்லை.

"நாலு நாளா உங்க சம்பந்தியைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுத் தீட்டினீங்க. அவரை எழுப்பி ஊருக்கு அனுப்புங்க. முதுகைத் தீட்டினாரே ஒருத்தரு, அவரைக் கூப்பிடுங்கய்யா. பிரஷ் அவருக்குத்தான்."