வால் இல்லாத பல்லிக்கு ஒரு படிக்கட்டு

கண்ணை மூடிக்கோ. ஒரு கண்ணு திறந்திருக்கே, அதையும் மூடு. இன்னைக்கு அத்தைதான் கதை சொல்லப் போறேன். நடுவுல நீ "ம்" சொல்லலைன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு எல்கேஜி கிளாஸ் இருந்துச்சாம். அதுல அல்லின்னு ஒரு பொண்ணு, நாலு வயசு. மூக்கு எப்பவும் ஒழுகிட்டே இருக்கும். அந்த கிளாஸ் சுவத்துல ஒரு அ, ஆ சார்ட். சார்ட்டுக்குப் பின்னாடி ஒரு பல்லி, வால் அறுந்த பல்லி. அல்லி அதைப் பார்த்துட்டு, ஐயோ பாவம், வால் இல்லாம இது எப்படிக் கீழ இறங்கும்னு கவலைப்பட ஆரம்பிச்சுட்டா. இறங்குறதுக்கு வால் எதுக்குன்னு நீ கேட்காதே. அவளுக்கு அப்படித்தான் தோணுச்சு. ம்?

அப்புறம் என்ன பண்ணினா, மரக்கட்டை டப்பாவைக் கவுத்தா. கடகடகடன்னு எல்லாம் உருண்டுச்சு. பல்லிக்குப் படிக்கட்டு கட்டணுமே. முதல் நாள் குட்டிக் கட்டையைக் கீழ வெச்சு, பெருசை மேல வெச்சா. தடால்னு விழுந்துடுச்சு. அவ அழலை. விழுந்த கட்டையவே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தா. அப்புறம் பெருசைக் கீழ வெச்சு, சின்னதை மேல வெச்சா. நின்னுச்சு. யாரும் சொல்லித் தரலை, அவளாவே கண்டுபிடிச்சா. முழங்கால் உயரம் வந்தப்போ டிங் டிங் டிங்னு பெல் அடிச்சுடுச்சு.

பெல் அடிச்சா பிள்ளைங்க தூங்கப் பாய் விரிக்கணும், தரை காலியா இருக்கணும். அந்த ஸ்கூல் வழக்கம் அது. ரெஜினா மிஸ் வந்து சலசலன்னு அள்ளி டப்பாவுல போட்டுட்டாங்க. மிஸ் கெட்டவங்க இல்லை. அத்தனை பிள்ளைங்களுக்கும் மூக்குத் துடைக்கணும், பாவம்.

ரெண்டாம் நாள் சுவத்தோரமா சாய்ச்சுக் கட்டினா. இடுப்பு உயரம் வந்துடுச்சு. அப்போ டிங் டிங் டிங். அல்லி மிஸ்ஸோட புடவையைப் பிடிச்சுக்கிட்டா.

"மிஸ், நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும் மிஸ்."

மிஸ் அவ தலையைத் தடவி, நாளைக்குப் புதுசா கட்டலாம்டா தங்கம்னுட்டு சலசலன்னு அள்ளிட்டாங்க. தினம் தரையில இருந்து ஆரம்பிச்சா பல்லிகிட்ட எப்போ போய்ச் சேருறது? மிஸ்ஸுக்கு அது தோணவே இல்லை. ம் சொல்லு.

மூணாம் நாள் நெஞ்சு உயரம். பல்லி எட்டிப் பார்த்துச்சு. அப்போ வராண்டாவுல பாய் இழுக்கிற சரசர சத்தம். அடுத்தது பெல்லுன்னு அல்லிக்குத் தெரியும். அவளே ஒவ்வொரு கட்டையா எடுத்து டப்பாவுல அடுக்கிட்டா. மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். கையை நீட்டச் சொல்லி சிவப்புப் பேனாவுல ஸ்டார் போட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் படபடபடன்னு கை தட்டுச்சு.

அதுக்கப்புறம் அல்லி கட்டை விளையாட்டுக்கே போகலை. பாடச் சொன்னா பாடுவா, உட்காரச் சொன்னா உட்காருவா. சார்ட் பக்கம் பார்க்கவே மாட்டா.

ஒரு நாள் பல்லி வெளிய வந்துச்சு. இதுக்குத்தான் மிஸ், அல்லி படிக்கட்டு கட்டினான்னு ஒரு வாண்டு போட்டுக் கொடுத்துட்டான். அந்த ஒரு மூலையை விட்டுட்டுப் பாய் விரிச்சிருக்கலாமேன்னு அன்னைக்குப் பூரா மிஸ்ஸுக்கு அதே நினைப்பு. சாயங்காலம் பிள்ளைங்க போனதும் தரையில உட்கார்ந்து மிஸ்ஸே கட்டினாங்க. பெருசு கீழ, சின்னது மேல, சார்ட் வரைக்கும். கலைக்காம அப்படியே விட்டுட்டுப் போனாங்க.

மறுநாள் அல்லி வந்தா. நின்னு பார்த்தா. மிஸ் கதவோரமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, இப்போ பல்லியைக் கூப்பிடுவான்னு. அல்லி பையைக் கழட்டி வெச்சுட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேல இருந்து ஒவ்வொரு கட்டையா எடுத்தா. டொக். டொக். டொக். எல்லாத்தையும் டப்பாவுல அடுக்கி மூடினா. அப்புறம் மிஸ்கிட்ட வந்து கையை நீட்டினா.

"ஸ்டார் போடுங்க மிஸ்."

மிஸ் போட்டாங்க. வேற என்ன பண்ணுவாங்க? ஸ்டார் கோணலா வந்துச்சு.

என்னது, அப்புறம் அவ கட்டவே இல்லையாவா? இல்லடா கண்ணு. இந்த முடிவு எனக்கும்தான் பிடிக்கலை. மாத்திச் சொல்ல வரமாட்டேங்குது.

சரி, ஹால்ல நீ டம்ளரெல்லாம் அடுக்கி வெச்சிருக்கியே, அது காலையில வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். உங்கம்மா கேட்டா நான் பார்த்துக்கிறேன். கதை படுத்துக்கிச்சு, நீயும் தூங்கு.