வெளுக்காத நீலம்

மை கலக்கும் ஜெயக்கொடியிடம் நிறம் படிக்க அந்த ஆண்டு வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் தங்கப்பழம். அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஆசிரியைக்கு நாற்பத்தொன்று.

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பின்கட்டில் ஜெயக்கொடிக்கு வேலை. வியாழக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பார். அதில் பாதி நேரம் பேசமாட்டார்.

தங்கப்பழம் சுக்குக் காபித் தூள் தயாரிப்பவர். ஒருவர் ஒரு வேளை குடிக்கிற அளவுக்குச் சின்னப் பாக்கெட். பன்னிரண்டு பாக்கெட் சேர்ந்தது ஒரு சரம். பதினான்கு வருடம் சிவப்பு உறையில் விற்றார். போன தை மாதம் நீல உறைக்கு மாற்றினார். சித்திரைக்குள் விற்பனை பாதியாகிவிட்டது. பாக்கெட் போடும் பதினொரு பெண்களில் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினார். மீதி ஆறு பேரை ஆனி முடியும்வரை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி," என்றார் தங்கப்பழம்.

"கேளுங்க அண்ணாச்சி."

"சென்னையில ரெண்டு நாள் வகுப்புக்குப் போனேன். சிவப்பு பசி, மஞ்சள் சந்தோஷம், பச்சை ஆரோக்கியம், நீலம் நம்பிக்கைன்னு சொன்னாங்க. மருந்து மாதிரி குடிக்கிற சாமானுக்கு நம்பிக்கைதான் முக்கியம்னு நீலம் போட்டேன். விக்கல. பச்சைக்கு மாத்திரட்டுமா? இங்க ஆபீஸ்ல ஒரு லட்சம் உறைக்குச் சொல்லி வச்சிருக்கேன். திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்."

ஜெயக்கொடி கண்ணாடிப் பலகையில் மையைக் கத்தியால் வழித்துக்கொண்டிருந்தார்.

"உங்க சரம் எந்தக் கடையில தொங்குது?"

"நூத்தி நாப்பது கடையில."

"எத்தனை கடையில நின்னு பாத்திருக்கீங்க?"

"நான் எதுக்கு நிக்கணும்? மொத்த வியாபாரிகிட்ட போட்டுட்டு வந்துருவேன்."

"மூணு நாள் ஒரு கடையில நில்லுங்க. யாரு என்ன சொல்லிக் கேக்காங்கன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

தங்கப்பழம் மறுநாள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த முப்பிடாதியின் பெட்டிக்கடைக்குப் போனார். கடை மேற்குப் பார்த்தது. முன்கம்பியில் ஷாம்பு, பாக்கு, ஊறுகாய்ச் சரங்களோடு அவருடைய நீலச் சரமும் தொங்கியது.

"வாரவங்க கேக்குறதை எழுதணுமா?" என்றார் முப்பிடாதி. "எழுதுங்க. கடன் கேக்குறவனையும் சேத்து எழுதுங்க."

முதல் நாள் சுக்குக் காபி கேட்டு வந்தவர்கள் எட்டுப் பேர். இரண்டாம் நாள் பன்னிரண்டு பேர். மூன்றாம் நாள் நான்கு மணிவரை பத்துப் பேர்.

பதினோராவதாக வந்தவர் ஓர் அம்மாள். கையில் பால் தூக்கு.

"தம்பி, அந்த ரோஸ் பாக்கெட்டு வந்துச்சா?"

"இப்ப நீலமா வருதுக்கா. அதே சாமான்தான்."

அம்மாள் நீலச் சரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்போருந்து தொங்குது?"

"பங்குனியிலருந்து."

"இந்த வெயில்ல தொங்குற சாமான் வெளுக்கணும்லா? ஊறுகாய் வெளுத்திருக்கு, பாக்கு வெளுத்திருக்கு. இது மட்டும் நேத்து வந்த மாதிரி பளபளன்னு இருக்கு. என்னத்தக் கலந்திருக்கானோ!"

"கலந்தவரு இந்தா நிக்காரு, அவர்கிட்டயே கேளுக்கா."

அம்மாள் தங்கப்பழத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரோஸ் பாக்கெட்டு நல்லாத்தானய்யா இருந்துச்சு," என்றார். வாங்காமல் போனார்.

தங்கப்பழம் நோட்டைப் பார்த்தார். மொத்தம் முப்பத்தொரு பேர். சிவப்பு என்று கேட்டவர்கள் நான்கு பேர். ரோஸ் என்று கேட்டவர்கள் இருபத்தேழு பேர். நீலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. உறையில் பெரிதாக அச்சிட்டிருந்த பெயரையும் ஒருவரும் சொல்லவில்லை.

"நான் ஒரு நாளும் ரோஸ் அடிச்சதில்லையே," என்றார்.

முப்பிடாதி ஊறுகாய்ச் சரங்களை விலக்கினார். கம்பியின் கோடியில் பழைய பாக்கெட் ஒன்று சிக்கிக் கிடந்தது. அதைப் பிய்த்து எடுத்துக் கொடுத்தார். நல்ல ரோஸ் நிறம். தங்கப்பழம் மடிப்பைப் பிரித்தார். வெயில் படாத உள்மடிப்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு இருந்தது.

"உங்க சரக்கு மாசத்துக்கு ஒரு தடவை வரும். வந்த அன்னைக்கே அம்புட்டையும் மாட்டிருவேன்," என்றார் முப்பிடாதி. "ஒம்பது நாள் தாங்கும். அப்புறம் ரோஸ்தான். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கே தங்கப்பழம் அச்சகத்தில் இருந்தார். வெளுத்த பாக்கெட்டைப் பலகைமேல் வைத்தார்.

"இந்த நிறம் வேணும் டீச்சர். பச்சை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஜெயக்கொடி பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை எடுத்தார், சிவப்பு எடுத்தார், கத்தி முனையில் கொஞ்சம் மஞ்சள் எடுத்தார். ஐந்தாவது கலவையில் நிறம் வந்தது. ஒரு துண்டுத் தாளில் தடவிப் பாக்கெட்டின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன.

தங்கப்பழத்துக்கு முகம் மலர்ந்தது.

"அப்படியே இருக்கு! இதையே ஒரு லட்சம் அடிச்சிருங்க."

"அடிக்கலாம்."

"எப்போ கிடைக்கும்?"

"வியாழக்கிழமை. கடையில எங்க தொங்கும்?"

"அதே கம்பியிலதான்."

ஜெயக்கொடி கத்தியைத் துடைத்தார். தங்கப்பழம் தாளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். காலை வெயில் பலகையின் பாதிவரை வந்திருந்தது.

"ஒம்பது நாள்ல இது வெள்ளையாயிருமே," என்றார்.

"ஆயிரும்."

"வெளுக்காத ரோஸ் மை இருக்கா?"

"இருக்கு. விலை கூட. அதுலயும் அடிக்கலாம்."

தங்கப்பழம் வேண்டாம் என்று தலையசைத்தார். பால் தூக்கு அம்மாள் சரத்தைத் திருப்பிப் பார்த்ததைச் சொன்னார். அம்மாள் கேட்டதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பழைய சிவப்பே போடுங்க டீச்சர். விலை குறைஞ்ச மையே இருக்கட்டும்."

"சரி."

"ஆனி முடிய இன்னும் அம்பத்திரெண்டு நாள் இருக்கு. ஆறு பேரையும் நிறுத்தாம பாத்துக்குவேன். போன அஞ்சு பேரு திரும்ப வருவாங்களான்னு தெரியல."

"கூப்பிட்டுப் பாருங்க."

தங்கப்பழம் வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்தார். சட்டைப்பையிலிருந்து சென்னை வகுப்பில் எழுதிய தாளை எடுத்து விரித்தார்.

"இதுல ஏழு நிறத்துக்கு அர்த்தம் போட்டிருக்கு. ரோஸுக்கு இல்ல. ரோஸுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

ஜெயக்கொடி சிவப்பு டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னார்:

"சுக்குக் காபி."